பின்களத்துக்கு ஆறு பேர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையிலும் மதுரையிலும் 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை நடந்த ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியில், அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்ற இந்திய அணி, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்து கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல் போட்டு வென்றது. அந்த நான்கில் இரண்டு கோலைப் போட்ட சாரதா நந்த் திவாரியும் அன்மோல் எக்காவும் பின்கள வீரர்கள். அணித் தலைவர் ரோஹித்தும் பின்களம்தான். கோல் போட்டதால் அவர்கள் பெயர் நாலு பேர் வாயில் வந்தது. பின்னால் நின்று அவர்கள் தடுத்த பந்துகளை யாரும் எண்ணவில்லை. இதே பழக்கம்தான் நம் மாவட்ட அணிகளிலும் பின்களத்துக்கு ஆள் இல்லாமல் செய்கிறது.

2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்திய சீனியர் அணிக்கு அறிமுகமான கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர் எஸ்.கார்த்தியும் முன்கள வீரர்கள். நமக்கெல்லாம் பெருமை. அவர்களைப் பார்த்து ஸ்டிக் பிடிக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் ஃபார்வர்டாகத்தான் வருவேன் என்கிறார்கள். பள்ளி அணியில் ஓட முடியாதவனை, புதிதாகச் சேர்ந்தவனை ஃபுல்பேக்கில் நிறுத்துவது பல இடங்களில் நடக்கிறது. தேர்வு முகாமில் நான்கு பின்கள வீரர்களை எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அதில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகினால் நடுக்களத்திலிருந்து ஒருவனை இழுத்துப் பின்னால் நிறுத்துகிறார்கள். அன்றே இரண்டு இடம் பலவீனமாகிவிடுகிறது.

ஆள் பற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நாடே பார்த்தது. ஒலிம்பிக் அணியில் 16 பேருக்குத்தான் இடம். இந்தியா அதில் ஐந்து பின்கள வீரர்களை வைத்திருந்தது: ஹர்மன்பிரீத் சிங், ஜர்மன்பிரீத் சிங், அமித் ரோஹிதாஸ், சுமித், சஞ்சய். பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியின் இரண்டாம் கால்பகுதியில் ரோஹிதாஸுக்கு சிவப்பு அட்டை. நாற்பது நிமிடத்துக்கும் மேல் பத்துப் பேரோடு ஆடி 1-1 என்று தாக்குப்பிடித்து, ஷூட்அவுட்டில் 4-2 என்று வென்றார்கள். சுமித் நடுக்களத்தில் வளர்ந்து பின்களத்துக்கு மாறியவர். வரிசையில் ஓட்டை விழுந்தபோது அடைக்க இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் தடை காரணமாக ரோஹிதாஸ் அரையிறுதியில் இல்லை. பெனால்டி கார்னரில், அதாவது தவறுக்குத் தண்டனையாக எதிரணி கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டு அடிக்கும் வாய்ப்பில், அடிப்பவரை நோக்கி முதலில் பாய்ந்து ஓடும் ரஷர் அவர். அந்த ஆட்டத்தில் ஜெர்மனியின் முதல் கோலை கொன்சாலோ பெய்யாட் பெனால்டி கார்னரிலிருந்துதான் போட்டார். முடிவு 2-3. ரோஹிதாஸ் இருந்திருந்தால் அது கோலாகியிருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஒருவர் நன்றாகச் செய்யும் வேலை, அவர் இல்லாத நாளில் எதிரணிக்கு வழியாகிவிடுகிறது.

அந்த ஐந்து பேரில் ஹர்மன்பிரீத்தும் சுமித்தும் 2016 லக்னோ ஜூனியர் உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தவர்கள். சஞ்சய் 2021 புவனேஸ்வர் ஜூனியர் உலகக் கோப்பையில் ஆடியவர். டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பின் 2021 செப்டம்பரில் பின்கள வீரர்களான ரூபிந்தர் பால் சிங்கும் பிரேந்திர லக்ராவும் ஒன்றாக ஓய்வுபெற்றபோது பின்களம் சரியாமல் நின்றதற்கு இந்த வரிசையே காரணம். ஜூனியரில் ஆடிய பையன் சீனியர் பின்களத்தில் நிலைத்து நிற்க மூன்று வருடமாவது பிடிக்கும். அதனால் இன்றைய 16 வயதுக்காரனை இன்றே எடுக்க வேண்டும்.

எத்தனை பேர் என்றால், ஆறு. ஆட்டம் நான்கு கால்பகுதியாக 60 நிமிடம். பின்களத்தின் நான்கு இடங்களுக்கு மொத்தம் 240 நிமிடம். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம் என்பதால், அனுபவமுள்ள நால்வருக்குத் தலா 48 நிமிடம் கொடுத்தால் 192 ஆயிற்று. மீதி 48-ஐ இளையவர் இருவருக்குத் தலா 24 என்று பிரித்துக் கொடுக்கலாம். ஆறேழு நிமிடத் தவணையில் அவர்கள் இறங்க வேண்டும். இரண்டு புதியவர்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் இறக்கக் கூடாது. ஒவ்வொருவனுக்கும் பக்கத்தில் பேசிக்கொண்டே ஆடும் மூத்தவர் ஒருவர் வேண்டும். இரண்டு கோல் முன்னிலை வந்த பிறகுதான் சின்னவனை விடுவேன் என்று காத்திருக்கும் பயிற்சியாளர்கள் உண்டு. நெருக்கடி தீர்ந்த நேரத்தில் மட்டும் இறங்குபவனுக்கு நெருக்கடியில் ஆடத் தெரியாது. இரண்டாம் கால்பகுதியில், 0-0 என்று இருக்கும்போதே விடுங்கள். தவறினாலும் சரிசெய்ய ஆட்டத்தில் நேரம் இருக்கும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? உயரத்தையும் அடிக்கும் பலத்தையும் மட்டும் பார்த்து எடுப்பதை விட வேண்டும். 14, 15 வயதில் நடுக்களத்தில் ஆடும் பையன்களில், பந்து வருவதற்கு முன் தோளைத் திருப்பிப் பின்னால் பார்ப்பவன் யார் என்று பாருங்கள். அந்தப் பழக்கத்தைப் பிறகு சொல்லிக்கொடுப்பது கடினம். எதிரியிடமிருந்து பந்தைப் பறிக்கும் டேக்கிளைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

டேக்கிள் என்றதும் மண் மைதானத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் பள்ளிகள் பலவற்றில் பயிற்சி மண்ணில்தான். மண்ணில் பந்து துள்ளும், அதனால் பையன் ஸ்டிக்கை நிமிர்த்திப் பிடித்து நிறுத்தப் பழகுகிறான். ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்தால் சரளைக்கல்லில் விரல் மொளியெல்லாம் உரசிக் காயமாகும். ஆகவே அவன் படுக்கவைப்பதே இல்லை. அதே பையன் செயற்கைப் புல் டர்ஃபுக்கு வந்தால் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக வருகிறது. அவன் நிமிர்ந்து நிற்கிறான், பந்து ஸ்டிக்குக்குக் கீழே போய்விடுகிறது. இது பையனின் குறை அல்ல. வாரம் இரண்டு நாளாவது டர்ஃபில் விட வழி வேண்டும். முடியாத ஊரில், இடக்கைக்குக் கையுறை மாட்டி, வழவழப்பான சிமெண்டுத் தரையில் முட்டியை மடக்கி ஸ்டிக்கைப் படுக்கவைக்கும் பயிற்சியைத் தினமும் 40 முறை செய்யச் சொல்லலாம். ஒரு மாதத்தில் இடுப்பு இறங்கி நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

அடுத்தது ஜாப். மேல்பிடியில் இடக்கை மட்டும், இடக்காலை ஓர் அடி முன்னால் வைத்து, ஸ்டிக்கைப் பந்துக்குக் கீழே குத்திவிட்டு உடனே திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். இழுத்துக்கொள்வதுதான் முக்கியம். சின்னவர்கள் குத்தியதோடு உடம்பையும் சேர்த்து எறிந்துவிடுகிறார்கள். ஃபார்வர்டு பந்தை ஒரு முழம் நகர்த்தினால் போதும், விழுந்தவன் எழுவதற்குள் ஆள் கோலுக்கு முன்னுள்ள அரைவட்டமான டி-க்குள் போய்விடுவான். முதல் ஜாப் பந்தைப் பறிக்க வேண்டியதில்லை. எதிரியின் தலையைக் குனியவைத்தால் போதும். தலை குனிந்தவனால் பாஸ் கொடுக்க ஆளைப் பார்க்க முடியாது. பறிப்பது இரண்டாவது ஜாப், அல்லது பக்கத்தில் வரும் நம் ஆள். பாதங்கள் இரண்டும் ஒரே கோட்டில் நின்றாலும் தோல்விதான். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், பின்னோக்கி ஓடிக்கொண்டே ஆட வேண்டும்.

இடப்பக்கப் பின்களத்துக்கு ஆள் கிடைப்பதே இல்லை என்று எல்லா ஊரிலும் புலம்பல். காரணம் ஸ்டிக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. ஸ்டிக்கின் தட்டையான பக்கத்தால்தான் ஆடலாம் என்பதால் தடுப்பவனுக்கு வலப்பக்கம் எளிது, இடப்பக்கம் கடினம். வலப்பக்க வீரன் எதிரியைத் தன் வலப்பக்கமாக ஓட்டினால் அது பக்கக்கோட்டை நோக்கியும் போகிறது. கைக்கு எளிதான பக்கமும் ஆபத்தில்லாத பக்கமும் ஒன்றாக அமைகின்றன. இடப்பக்க வீரனுக்கு இவை இரண்டும் எதிரெதிர். எதிரியைக் கோட்டுப் பக்கம் ஓட்டினால் ஸ்டிக்கைத் திருப்பிப் பிடித்து ரிவர்ஸில் தடுக்க வேண்டும், வலப்பக்கம் விட்டால் டி-யின் நடுவுக்கே வழி திறந்துவிடும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் ஒருவனை அங்கே நிறுத்தி, ஆள் தாண்டிப் போகும்போதெல்லாம் திட்டுவது அநியாயம். அவன் பத்து மீட்டர் முன்பே ஓட ஆரம்பித்து, உடம்பை உட்பக்கம் வைத்து, எதிரியைக் கோட்டோரமாக மெதுவாக்க வேண்டும். உட்பக்கம் வெட்டினால் பிடிக்க, எட்டுப் பத்து மீட்டர் பின்னால் சாய்வாக நடு ஃபுல்பேக் நிற்க வேண்டும். இருவரும் சேர்ந்தே பழகினால்தான் இந்த இடைவெளி கைவரும். அதனால்தான் பின்கள வீரர்களை ஒற்றை ஒற்றையாக எடுக்காமல் ஜோடியாக எடுங்கள் என்கிறோம். நம் கோல் கோட்டிலிருந்து 23 மீட்டர் பகுதிக்குள் இரண்டு தடுப்பாளர், மூன்று தாக்குபவர், எட்டு நொடி அவகாசம் என்று ஒரு பயிற்சிக்குப் பதினைந்து சுற்று கொடுங்கள். ஜோடி மாறாமல் ஆறு வாரம் நடக்கட்டும்.

ஆறு பேரில் நான்கு பேருக்காவது பெனால்டி கார்னரில் முதல் ரஷராக ஓடத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு ஒரு விதி காரணம். பெனால்டி கார்னர் கொடுத்த பிறகு அது முடியும்வரை கள வீரர்களை மாற்ற முடியாது. நல்ல ரஷர் வெளியே உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆறில் நால்வர் களத்தில், இருவர் வெளியில். வெளியே இருக்கும் இருவரும் ரஷர்களாகவே இருந்தாலும், நால்வருக்குத் தெரிந்திருந்தால் உள்ளே இருவர் மிஞ்சுவார்கள். கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் தடுக்க நிற்கலாம். அவசரத்தில் பந்து புறப்படும் முன் கோல் கோட்டைத் தாண்டினால், தாண்டியவர் நடுக்கோட்டுக்கு அப்பால் போக வேண்டும், பதிலுக்கு ஆள் கிடையாது. எனவே பயிற்சியில் ஓடும் வேகத்தைப் போலவே புறப்படும் கணத்தையும் பாருங்கள். பந்தைத் தள்ளுபவரின் முன்கையையே கண் பார்க்க வேண்டும். ரஷர் எந்தப் பக்கத்தை அடைக்கிறார், கோல்கீப்பருக்கு எந்தப் பக்கம் என்பது முன்பே பேசி முடிவாகியிருக்க வேண்டும். முகக்கவசம், முட்டிக்கவசம், கையுறை, இடுப்புக்குக் கீழ் பாதுகாப்பு, இவை நான்கும் இல்லாமல் எந்தப் பையனையும் டிராக் ஃபிளிக்கின் (ஸ்டிக்கால் பந்தை இழுத்துச் சுழற்றி எறிவது) முன்னால் ஓடவிடாதீர்கள். கவசத்துக்குக் காசில்லை என்றால் நுரைப்பந்தால் பழக்குங்கள். நிஜப் பந்து வேண்டவே வேண்டாம்.

டிராக் ஃபிளிக் அடிக்கத் தெரிந்தவனைப் பின்கள வீரன் என்று எழுதிக்கொள்வது இன்னொரு கோளாறு. ஃபிளிக் ஒரு திறமை, தடுப்பது வேறொரு திறமை. இரண்டும் இருந்தால் மகிழ்ச்சி. ஃபிளிக்குக்காக மட்டும் ஒருவனைப் பின்னால் வைத்தால் அவன் ஒரு கோல் போட்டு இரண்டு கோலுக்கு வழிவிடுவான். வளரும் பையன்களின் கீழ்முதுகும் இடுப்பும் அந்தத் திருகலைத் தாங்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. 16 வயதுவரை ஒரு பயிற்சிக்கு 25 ஃபிளிக், வாரம் மூன்று நாள். அதற்கு மேல் வேண்டாம். காலையில் குனிந்து ஷூ லேஸ் கட்டும்போது முதுகு பிடிக்கிறது என்றால் அன்றே நிறுத்துங்கள்.

பந்தைப் பறித்த பின் என்ன செய்வது என்பதில்தான் பல இளையவர்கள் தடுமாறுகிறார்கள். நான்கு பேர் நெருக்கிக்கொண்டு வரும்போது நடுவில் பாஸ் கொடுத்துப் பந்தை இழப்பதுதான் நம் அணிகள் கோல் வாங்கும் பொதுவான வழி. முப்பது நாற்பது மீட்டர் தூக்கிப்போடும் ஸ்கூப்பை ஆறு பேரும் கற்க வேண்டும். இறங்கும் இடத்தில் நம் ஆள் தனியாக இருக்க வேண்டும், இரண்டு அணி ஆட்களும் நிற்கும் கூட்டத்தில் போட்டால் நடுவர் ஊதிவிடுவார். வாரம் ஒருமுறை பத்துப் பேரோடு ஐந்து நிமிட ஆட்டமும் வையுங்கள். மஞ்சள் அட்டை என்றால் குறைந்தது ஐந்து நிமிடம் ஓராள் குறைவு, எந்த ஃபார்வர்டு கீழே இறங்குவான் என்பது அன்றைக்குக் கூவி முடிவுசெய்யும் விஷயம் அல்ல.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு நோட்டில் நான்கு எண்களைக் குறித்தால் போதும்: எதிரணி நம் டி-க்குள் எத்தனை முறை நுழைந்தது, நாம் கொடுத்த பெனால்டி கார்னர், நம் 23 மீட்டருக்குள் காலில் பட்ட பந்து, பறித்தவுடன் இழந்த பந்து. பெயரோடு எழுதுங்கள். பத்து ஆட்டம் முடிந்ததும் அடுத்த தேர்வுக்கு யாரை அழைப்பது என்பது அந்த நோட்டிலேயே இருக்கும்.

மே மாதம் கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும்போது வெளிமாநில அணிகளின் பின்களத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அந்த நாட்களிலேயே, தென்மாவட்டங்களின் 16 வயதுக்குட்பட்ட பின்கள வீரர்களுக்கு மட்டும் ஐந்து நாள் முகாம் ஒன்றை மாநில அமைப்பு வைக்க வேண்டுகிறோம். காலையில் பயிற்சி, மாலையில் ஆட்டம் பார்த்து நோட்டில் எழுதும் வேலை. பிள்ளைகளுக்குத் தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் தவிரப் பெரிய செலவு இல்லை.

தங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். ஹாக்கி முடிவுகளை வெளியிடும்போது கோல் போட்டவர் பெயருக்குக் கீழே, ஒவ்வோர் அணியும் எத்தனை பெனால்டி கார்னர் கொடுத்தது, அதில் எத்தனையைத் தடுத்தது என்று ஒரு வரி சேருங்கள். அந்த எண்ணிக்கையை ஆட்டத்தைப் பார்க்கும் உங்கள் நிருபரே குறித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பள்ளி ஹாக்கி பயிற்சியாளர்கள் சிலர்,
கோவில்பட்டி.