கல்லு ஏன் லேட் ஆகுது: நம்ம பட்டறையிலேர்ந்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம். ஆத்தங்குடி கல்லு, அதான் தரைல பதிக்கிற கலர் டைல்ஸ், எப்ப வரும்னு நெறைய பேரு போன் பண்றீங்க, வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போடுறீங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி முடியல, அதான் சேத்து எழுதிடுறேன். நம்ம பட்டறைல கலர் ஊத்துற அண்ணன் தை மாசம் தவறிட்டாரு. நெஞ்சு வலின்னாரு, காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு கொண்டு போறதுக்குள்ளயே முடிஞ்சு போச்சு.

மொதல்ல ஆர்டர் விஷயம். அச்சு வச்சு ஊத்துற டிசைன் எல்லாம் ஓடிக்கிட்டுதான் இருக்கு, கொஞ்சம் மெதுவா. அச்சு இல்லாம கையாலேயே பூ போடுற டிசைன் மட்டும் இப்போதைக்கு எடுக்கல. அதுக்கு அட்வான்ஸ் குடுத்தவங்க வேற டிசைனுக்கு மாத்திக்கலாம், இல்ல பணத்த முழுசா திருப்பி வாங்கிக்கலாம், மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டோம்.

ஒரு ஆளு போனா வேலையே நின்னுருமான்னு ஒரு கஸ்டமர் கேட்டாரு. நியாயமான கேள்விதான். ஆத்தங்குடி கல்லுல மெஷினு கெடையாது, கீழ கண்ணாடி, அதுக்கு மேல இரும்புச் சட்டம், சட்டத்துக்குள்ள அச்சு, அச்சோட ஒவ்வொரு கட்டத்துலயும் சிமெண்டும் கலரும் கரைச்ச கலவைய கரண்டில ஊத்தணும், அப்புறம் அச்ச நேரா மேல தூக்கணும். கலவை தண்ணியா இருந்தா பச்சை போயி மஞ்சள்ல கலந்துரும், கெட்டியா இருந்தா ஊசி ஊசியா ஓட்டை விழுந்துரும், தூக்குறப்ப கை லேசா ஆடினாலும் கோடு போச்சு. அதுக்கு மேல காய்ஞ்ச சிமெண்டு மணல் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டி, ஒரு நாள் விட்டு தண்ணித் தொட்டில எறக்குவோம். கல்லோட பளபளப்பு அந்தக் கண்ணாடியால வர்றது, பாலீஷ் போட்டது இல்ல. கையால போடுற பூவுக்கு அச்சும் இல்ல, ஊத்துறவரு மனசுல இருக்குற கணக்குதான்.

கானாடுகாத்தான்ல ஒரு ஆச்சி, பழைய வீட்டு வளவுல (உள் முற்றத்துப் பக்கம்) உடைஞ்ச நாலு கல்லுக்கு மட்டும் ஜோடி கல்லு கேட்டு வந்தாங்க. நான் நாலு கல்லுக்கெல்லாம் கலர் கலக்க முடியாதுன்னு சொல்ற ஆளு. அண்ணன் அந்த ஒடஞ்ச துண்ட வாங்கி தண்ணில நனைச்சுப் பாத்தாரு, காய வச்சுப் பாத்தாரு, ஏன்னா ஈரத்துல அடர்த்தியா தெரியிற பச்சை காய்ஞ்சா வெளுத்துரும், ஈரத்துல சரியா இருக்குன்னு ஊத்தினா தரையில தனியா தெரியும். சின்னச் சின்ன சாம்பிளா ஊத்தி ஜன்னல்ல வரிசையா அடுக்கி வச்சிருந்தாரு, எனக்கு எல்லாம் ஒரே பச்சையாத்தான் தெரிஞ்சுது. ஆச்சி மட்டும் கரெக்டா ஒண்ண எடுத்தாங்க, அண்ணன் மனசுல வச்சிருந்ததும் அதேதான்.

இதெல்லாம் பட்டறைக்கு வந்தவங்க பாத்திருப்பீங்க, அவரோட இன்னொரு வேலை ரொம்பப் பேருக்குத் தெரியாது. அவரு சிற்றலை வானொலி, அதான் தூர தேசத்து நிலையமெல்லாம் எடுக்குற ஷார்ட்வேவ் ரேடியோ, கேக்குறவரு. சும்மா பாட்டு கேக்குறது இல்ல. வேப்ப மரத்துலேர்ந்து வீட்டு ஓட்டு மேல வரைக்கும் செம்புக் கம்பி ஏரியல் கட்டி, ராத்திரி டியூப் லைட்ட அணைச்சுட்டு (லைட்டு எரிஞ்சா ரேடியோ இரையுமாம், இப்ப வர்ற எல்இடி இன்னும் மோசம்னு திட்டுவாரு) பிபிசி தமிழோசை, மணிலாலேர்ந்து வர்ற வெரித்தாஸ் தமிழ், சீன வானொலி தமிழ்னு ஒண்ணொண்ணா புடிப்பாரு. எந்த அலைவரிசை, எத்தனை மணின்னு குறிச்சு, சத்தம் எவ்வளவு, இரைச்சல் எவ்வளவுன்னு அஞ்சு விஷயத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் அஞ்சுக்கு இத்தனைன்னு மார்க் போட்டு, 45433 மாதிரி ஒரு நம்பரா எழுதி நிலையத்துக்கு லெட்டர் போடுவாரு. நேரமெல்லாம் கிரீன்விச் கணக்கு, நம்ம ராத்திரி 9.15 அவரு நோட்டுல 15.45. சரியா கேட்டிருந்தா, ஆமா நீங்க கேட்டது எங்க நிலையந்தான்னு அங்கேர்ந்து ஒரு கார்டு வரும், கியூஎஸ்எல் கார்டுன்னு பேரு. பட்டறை அட்ரஸுக்கு மணிலாலேர்ந்தும் பெய்ஜிங்லேர்ந்தும் தபால் வர்றதப் பாத்துட்டு, வெளிநாட்டு ஏற்றுமதி பண்றோம்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க, நானும் மறுத்துச் சொல்லல, வியாபாரத்துக்கு நல்லதுதானே.

படிப்பு எட்டாவதுதான். ஆனா மார்ச் கடைசிலயும் அக்டோபர் கடைசிலயும் எல்லா நிலையமும் அலைவரிசைய மாத்தும்னு காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருப்பாரு. 2017 ஏப்ரல்ல தமிழோசை சிற்றலைய நிறுத்தினாங்க, அடுத்த வருஷம் வெரித்தாஸும் சிற்றலைல நின்னுச்சு. மொபைல்ல கேக்கலாமேண்ணேன்னு சொன்னேன். "அதுல புடிக்கிறதுக்கு என்ன இருக்கு தம்பி, அதுவா வருது"ன்னு சொல்லிட்டு வேலையப் பாக்கப் போயிட்டாரு. அப்புறமும் ராத்திரில முள்ளத் திருப்பிக்கிட்டுதான் இருந்தாரு, பாஷை புரியாட்டியும் எந்த நாடுன்னு கண்டுபுடிச்சு எழுதுவாரு.

அந்தக் காது பட்டறைக்கும் ஒதவுச்சு. காய்ஞ்ச கல்ல ஒரு கைல தூக்கிப் புடிச்சு விரல் முட்டியால தட்டுவாரு, நல்ல கல்லு கணீர்னு கேக்கும், உள்ள விரிசல் இருந்தா சத்தம் செத்துப் போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல அப்படியே ஒதுக்கி வச்சுருவாரு. இப்ப நானும் அவரு பழக்கின பையனும் தட்டிப் பாத்துதான் லோடு ஏத்துறோம், சந்தேகமா இருந்தா ஒதுக்கிடுறோம், லேட் ஆகுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கார்டெல்லாம் அவரு மக குடுத்தாங்க, ஆபீஸ் சுவத்துல மாட்டியிருக்கோம், வர்றப்ப பாருங்க. ரேடியோ அவங்க வீட்டுலயே இருக்கு.

ஏற்கனவே கல்லு பதிச்சவங்களுக்கு அவரு எப்பவும் சொல்ற விஷயம், ஆசிட் ஊத்திக் கழுவாதீங்க, கலர் அரிச்சுரும். வெறும் தண்ணில தொடைங்க, எப்பவாச்சும் துணில கொஞ்சம் தேங்காண்ணெ தொட்டு தேச்சு விடுங்க, நடக்க நடக்க மெருகு ஏறும்.

பையன் கையால பூ போடப் பழகிக்கிட்டு இருக்கான், சுமாரா வருது, விக்கிற அளவுக்கு இல்ல. அந்த டிசைன்தான் வேணும்ங்கறவங்க ஆவணி வரைக்கும் பொறுங்க, அப்பவும் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். காலைல 11 மணி வரைக்கும் போன் எடுக்க மாட்டோம், கை பூரா சிமெண்டா இருக்கும், மெசேஜ் போட்டு வச்சீங்கன்னா மதியம் கூப்புடுறேன்.