தார்ப்பாயும் படகும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. திட்டாதே, சோதனைக் களத்தில் இருந்தேன். அங்கே கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மகள் கணிப்பொறி படிக்கச் சேர்ந்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. இதை அவளிடமும் காட்டு.

“அரசாங்கத்துக்குக் கொலைகார ரோபோ செய்கிறாயாமே?” என்று கேட்டிருந்தாய். அட, இல்லையப்பா. ட்ரோன் தானாகப் பறக்கும்போது கீழே தெரிவது லாரியா, படகா, ஆளா என்று சொல்லும் மென்பொருள்தான் எங்கள் வேலை. எங்கே, எதற்கு என்பதையெல்லாம் எழுத முடியாது. பாதி நாள் படங்களில் கட்டம் போட்டுப் பெயர் ஒட்டியது சரியா என்று பார்ப்பதிலேயே போகிறது. 32 பிட் எண்களில் பயின்ற மாடலை, அதாவது படங்களைப் பார்த்து அடையாளம் காணப் பழகிய நிரலை, 8 பிட்டாகச் சுருக்கி, ட்ரோனில் இருக்கும் சின்ன சிப்புக்குள் அடைக்க வேண்டும். மிச்ச நேரம் அறிக்கை. அதற்கு முடிவே கிடையாது.

இந்த முறை ஒரு தார்ப்பாய் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. மாடலின் கடைசியில் சாஃப்ட்மேக்ஸ் என்று ஒன்று உண்டு. தனக்குத் தெரிந்த வகைகளுக்கு மதிப்பெண்ணைப் பங்கு போடும். எல்லாம் கூட்டினால் 1 வந்தாக வேண்டும். ‘இது எதுவுமே இல்லை’ என்பதற்கு நாம் இடம் வைக்காவிட்டால், தெரியாத பொருளையும் தெரிந்த ஏதோ ஒன்றாகத்தான் சொல்லும். காற்றில் புடைத்துக் கிடந்த தார்ப்பாயைப் பார்த்து 0.97 போட்டுப் ‘படகு’ என்றது. சொட்டுத் தண்ணீர் இல்லாத தரையில்! எல்லோரும் சிரித்தோம்.

கடைசியில் மனிதன்தானே முடிவெடுக்கிறான் என்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாடல் சொல்வதைச் சரிபார்க்க எங்கள் திரைக்கு முன் இருந்தவர் முதல் நாள் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார். நான்காம் நாள் எண்ணை மட்டும் பார்த்துப் பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் சோம்பேறி இல்லை. நூறு முறை சரியாகச் சொன்னதை நம்பாமல் என்ன செய்வார்? 2003 ஈராக் போரில் பேட்ரியாட் என்ற அமெரிக்க வான் பாதுகாப்பு ஏவுகணை அமைப்பு பிரிட்டனின் டொர்னேடோ விமானத்தை ஏவுகணை என்று வகைப்படுத்தியது. அங்கேயும் ஆட்கள் இருந்தார்கள். யோசிக்கத்தான் நேரமில்லை. நட்பு நாட்டு விமானமே விழுந்தது, இரண்டு பேர் போனார்கள்.

மதிப்பெண்ணை அடக்கி வாசிக்க வைக்கும் கணக்கு இருக்கிறது. பழகிய படங்களில் அது நன்றாகவே வேலை செய்யும், தார்ப்பாயிடம் செல்லாது. அதனால் அந்த எண்ணையே திரையிலிருந்து எடுத்துவிடலாம், சந்தேகமான படங்களை மட்டும் ‘நீங்களே பாருங்கள்’ என்று தனியே காட்டலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். “எண் இல்லாவிட்டால் மேலிடத்துக்கு என்ன காட்டுவது?” என்றார் மேலாளர். கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். கடைசியில் ஒரு வாரம் முயன்று பார்க்கச் சம்மதித்திருக்கிறார்.

திங்கட்கிழமை மறுபடி களம். தார்ப்பாயையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்