சொல்லை அதன் மூட்டில் பிரியுங்கள்: பக்க வடிவமைப்பு மென்பொருள் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மென்பொருள் குழுவினருக்கு,

வணக்கம். ஜெர்மன் கூட்டுச்சொற்களை வரி ஓரத்தில் உங்கள் மென்பொருள் எப்படி உடைக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், நானும் இரண்டு தடவை எழுதினேன். இந்த முறை எல்லோரும் பார்க்கும்படி எழுதக் காரணம், போன மாதம் அச்சாகி வந்த ஓர் உளவியல் நூலின் 117-ஆம் பக்கம்.

அங்கே ‘ஊர்இன்ஸ்டிங்க்ட்’ என்று ஒரு சொல். ‘ஊர்’ என்றால் ஆதி, ‘இன்ஸ்டிங்க்ட்’ என்றால் உள்ளுணர்வு. ஜெர்மனில் மொத்தம் பத்தே எழுத்து. அதை நான்காவது எழுத்துக்குப் பின்னால் உடைத்து, ஹைபன் போட்டு, மிச்சத்தை அடுத்த வரிக்குத் தள்ளியிருக்கிறது உங்கள் மென்பொருள். இப்போது மேல் வரியின் கடைசியில் ‘ஊரீன்’, கீழ் வரியின் முதலில் ‘ஷ்டிங்க்ட்’. அதாவது சிறுநீர், நாறுகிறது. சொல்லுக்குள் இருந்தவரை ‘ஸ்ட்’ என்று ஒலித்த அதே இரண்டெழுத்து, வரியின் தலைப்பில் தனியாக நின்றதும் வாசகர் வாயில் ‘ஷ்ட்’ ஆகிவிடுகிறது, அவர் மேல் குற்றமே இல்லை. தாய்மையைப் பற்றிய பத்தி அது. நூலாசிரியர் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார், கூட ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

நான் கவனிக்காமல் விட்டேன் என்றால்கூட மனசு ஆறும். முதல் புரூஃபிலேயே பார்த்துவிட்டு, எந்தச் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று மென்பொருளுக்கு நாமே சொல்லும் விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்தேன். அந்தப் பட்டியலுக்கு வேற்றுமையும் தெரியாது, பன்மையும் தெரியாது என்பதால் அதே சொல்லை ஐந்து வடிவங்களில் தனித்தனியாகத் தட்டினேன். ஆனால் பட்டியல் ஃபைலோடு போகவில்லை, என் கணினியிலேயே தங்கிவிட்டது. அச்சகத்தில் ஓர் அடிக்குறிப்பைத் திருத்த ஃபைலைத் திறந்திருக்கிறார்கள். வரிகள் எல்லாம் மறுபடி ஓடியிருக்கின்றன. ஓர் எச்சரிக்கை வரவில்லை. இரண்டு நாள் வேலை யாருக்கும் தெரியாமல் அழிந்தது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கூட்டுச்சொல்லை முதலில் அதன் மூட்டில் பிரியுங்கள், இரண்டு மூட்டு சாத்தியம் என்றால் எங்களைக் கேளுங்கள். ஜெர்மன் எழுத்துமுறை விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. கூட்டுச்சொல் அதன் உறுப்புகளுக்கு இடையில் பிரிய வேண்டும், பொருள் தடுமாறும் பிரிப்பைத் தவிர்க்க வேண்டும்.

1983-இல் ஃப்ராங்க் லியாங் ஸ்டான்ஃபோர்டில் தந்த முறை எனக்குத் தெரியும், அதன் மேல் மரியாதையும் உண்டு. எழுத்துக் கோர்வைகளைப் பார்த்து எங்கே உடைக்கலாம், எங்கே கூடாது என்று எண்களால் முடிவு செய்வது. டெக் (TeX) என்ற இலவச அச்சுக்கோப்பு மென்பொருளில் ஆங்கிலத்துக்கு 4,447 கோர்வைகளே போதுமானதாக இருந்தன. ஆனால் கோர்வைக்குப் பொருள் தெரியாதே. ‘ஷ்டௌபெக்கன்’ நீர்த்தேக்கமா, தூசி படிந்த மூலைகளா? ‘வாக்ஷ்டூப’ என்ற காவலர் அறை, ஓர் எழுத்து தள்ளிப் பிரிந்தால் மெழுகுக் குழாய். நம் அணியிலக்கணத்தில் இதற்குப் பிரிமொழிச் சிலேடை என்று பெயரே இருக்கிறது, புலவன் வேண்டுமென்று செய்வது. இங்கே யாரும் வேண்டாமலே பக்கத்துக்குப் பக்கம் நடக்கிறது.

நீளமான சொல்தான் பிரச்சினை என்று நினைக்கிறீர்களோ என்னவோ. ஜெர்மனியில் 2013-இல் நீக்கப்பட்ட ஒரு மாட்டிறைச்சிச் சட்டத்தின் பெயர் 63 எழுத்து, அதை எவரும் கையால் பார்த்துப் பார்த்துதான் வைப்பார்கள். கழுத்தை அறுப்பது கண்ணில் படாத பத்தெழுத்துச் சொற்கள்.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் சர்க்கரை என்ற ‘ட்சுக்கர்’ வரி ஓரத்தில் ‘ck’ என்பது இரண்டு ‘k’ ஆகிப் பிரியும், பின்னால் அது பிரியாமல் அப்படியே கீழ் வரிக்குப் போகும். பழைய நூலை அதன் எழுத்துமுறையிலேயே மறுபதிப்புச் செய்பவர்கள் இருக்கிறார்கள். டெக்கில் இரண்டுக்கும் தனித்தனிக் கோர்வைகள் எத்தனையோ காலமாக இருக்கின்றன. உங்கள் மெனுவில் ‘ஜெர்மன்’ என்று ஒன்றுதான் இருக்கிறது. இலவசமாக உழைப்பவர்கள் செய்து வைத்ததைச் சந்தா வாங்குகிற நீங்கள் ஏன் செய்யவில்லை? ஒவ்வொரு அப்டேட்டிலும் பொத்தான்களின் நிறம் மாறுகிறது, இது மட்டும் மாறுவதில்லை.

சரி, கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மூட்டில் பிரியுங்கள். ஐயம் வந்தால் அந்த வரிக்கு ஒரு நிறம் போட்டுக் காட்டுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பட்டியல் ஃபைலோடு போகட்டும். ஒன்பது வருடத்தில் நான் சேர்த்த பட்டியலில் இப்போது ஆயிரத்துக்கு மேல் சொற்கள் இருக்கின்றன, மூட்டு எது என்று ஒவ்வொன்றிலும் குறித்திருக்கிறேன். எதுவும் வாங்காமல் தருகிறேன். எந்த வடிவத்தில் வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஜெர்மன் நூல்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் ஒருவர்