தகவல் தர யாருக்குத் துணிவு வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு பொலிஸ் அதிகாரியின் பேச்சு வந்திருந்தது. யாழ்ப்பாணத்து மக்கள் தகவல் தர முன்வருவதில்லையாம், அதனால்தான் வாள்வெட்டையும் போதைப்பொருளையும் கட்டுப்படுத்த முடியவில்லையாம். எதிர்க்கேள்வி ஒன்றும் கேட்காமல் அப்படியே போட்டிருக்கிறீர்கள். நெடுநாள் வாசகி என்ற உரிமையில் சொல்கிறேன், மனம் நொந்துபோனது.

போன மாரியில் எங்கள் கிணற்றடியில் இருந்த தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முறைப்பாடு கொடுக்கப் போனேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல, மேசையில் இருந்தவர் பெரிய கொப்பியில் சிங்களத்தில் எழுதினார். முடிந்ததும் கொப்பியை என் பக்கம் திருப்பி, கடைசி வரியின் கீழ்ப் பேனையால் தட்டி, கையெழுத்து வைக்கச் சொன்னார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "நீங்க சொன்னதுதான் அம்மா." வேறு வழியில்லாமல் வைத்துவிட்டு வந்தேன். வடக்கு கிழக்கில் தமிழே நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல.

மோட்டர் போனால் போகட்டும். எங்கள் ஒழுங்கையில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் விற்பவனைப் பற்றித் தகவல் கொடுத்த தம்பியின் வீட்டுப் படலையில் அன்று பின்னேரமே அவன் வந்து நின்றான். பெயரை அவனுக்கு யார் சொன்னது? பொலிஸில் சொன்னதைத் தவிர அந்தத் தம்பி வேறு எவரிடமும் வாய் திறக்கவில்லை. இப்போது ஒழுங்கையில் ஒருவரும் எதையும் கண்டதில்லை, கேட்டதில்லை.

2016 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் இரண்டு பல்கலைக்கழகப் பிள்ளைகள் இறந்தபோது பொலிஸார் முதலில் விபத்து என்றார்கள்; துப்பாக்கிச் சூட்டுக் காயம் பிறகுதான் வெளியே வந்தது. 2023 நவம்பரில் கைதான சித்தங்கேணி இளைஞர், தன்னை எப்படி அடித்தார்கள் என்று தானே சொல்லிவிட்டு உயிரை விட்டார். 2024 மே மாதம் திருகோணமலை சம்பூரில், இறுதிப் போரில் இறந்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிய பெண்களை இரவில் வந்து பிடித்தார்கள். கஞ்சிப் பானையைக் கட்டுப்படுத்த இருக்கிற வேகம், வாளோடு மோட்டார் சைக்கிளில் திரிகிறவர்களைப் பிடிப்பதில் ஏன் இல்லை? சந்திக்குச் சந்தி நின்று ஹெல்மெட் பார்க்கிறார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்களை அடக்கி வைப்பதும் எங்களுக்குக் காவல் இருப்பதும் ஒன்றல்ல. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் மாகாண சபைகளுக்கென எழுதிய பொலிஸ் அதிகாரத்தை இன்றுவரை எந்த அரசும் தரவில்லை. அதைப் பற்றி அந்த அதிகாரியிடம் கேட்டுப் பயனில்லை.

அவரால் செய்யக்கூடியதை மட்டும் உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும். முறைப்பாட்டைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கியபின் ஒரு பிரதியைக் கையில் தருவார்களா? தகவல் தருபவரின் பெயர் வெளியே போனால் அதற்குப் பொறுப்பு யார்? அவருடைய பதிலையும் அந்தப் பேச்சு வந்த அதே பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உரும்பிராய்.