அடாப்டருக்கு முத்திரை இருக்கிறது, பிளக்குக்கு? - தர நிர்ணய அமைவனத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். லேப்டாப் அடாப்டர், செல்போன் சார்ஜர் எதை எடுத்தாலும் உங்கள் பதிவு எண் இருக்கிறது. அதைக் கட்டாயமாக்கியது நல்ல காரியம். அந்த அடாப்டர் சுவரில் போய்ச் சேரும் இடத்தைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

நம் 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு உங்கள் ஐ.எஸ். 1293 தரம் இருக்கிறது. அதன்படி பிளக்கில் கரண்ட் பாயும் இரு பின்களும் சுமார் 5 மி.மீ. தடிமன். ஆனால் சார்ஜர், டிரிம்மர் என்று பெட்டியைப் பிரித்தால் பல நேரம் கைக்கு வருவது ஐரோப்பிய டூ-பின். அதன் பின்களோ 4 மி.மீ.தான். நம் சாக்கெட்டில் அது ஆடுகிறது, தொங்குகிறது. பின்னை லேசாக அகட்டிச் செருகாத வீடு குறைவு. லூஸ் கான்டாக்டில் மின்தடை கூடும், சூடு ஏறும், பொறி பறக்கும். சார்ஜர் இழுக்கும் கரண்ட் சொற்பம் என்பதால் உடனே ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் பொறி பட்டுப் பட்டு உள்ளே இருக்கும் பித்தளை கருத்துவிடும். அப்புறம் அதே சாக்கெட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் 4 ஆம்பியருக்கு மேல் ஓடும். பிளக் உருகுவது அப்போதுதான்.

எர்த் விஷயம் இதைவிடக் கவலை தருகிறது. த்ரீ-பின்னில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பது, செருகும்போது அது முதலில் சேர்ந்து, பிடுங்கும்போது கடைசியில் விடுவதற்காக. இவ்வளவு யோசித்து வைத்த ஏற்பாட்டை, எந்தக் கடையிலும் கிடைக்கும், த்ரீ-பின்னை டூ-பின்னாக மாற்றும் ஒரு கன்வெர்ட்டர் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. உலோக உடல் கொண்ட லேப்டாப்பைத் தொட்டால் சுர்ரென்று இருப்பதற்கும் பல நேரம் எர்த் இல்லாததுதான் காரணம். அடாப்டருக்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் கரண்ட் அது. அடாப்டர் நல்லதாக இருந்தால் மிகச் சொற்பம், ஆபத்தில்லை. அதே கன்வெர்ட்டரை இன்சுலேஷன் போன கிரைண்டருக்கு மாட்டினால்? ஈரக்கையோடு தொடுகிறவரின் உயிருக்கு யார் பொறுப்பு?

பிரிட்டனில் 1994-லேயே விதி போட்டுவிட்டார்கள். வீட்டுச் சாதனங்களை அந்நாட்டு பிளக்கோடுதான் விற்க வேண்டும். ஐரோப்பிய டூ-பின்னோடு வந்தாலும், அதை அந்நாட்டு பிளக்காக மாற்றும், கருவி இல்லாமல் கழற்ற முடியாத கன்வெர்ட்டர் அதன்மேல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். நம் ஊருக்கு மட்டும் ஏன் பொருந்தாத பிளக்?

கேட்பது இவ்வளவுதான். இங்கே விற்கும் சாதனம் எதுவானாலும் நம் சாக்கெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் பிளக்கோடு வர வேண்டும். எர்த்தைத் துண்டிக்கும் கன்வெர்ட்டர்களை விற்பனையிலிருந்து நீக்குங்கள். எல்லா பிளக்கையும் ஏற்று எதையும் இறுக்கிப் பிடிக்காத 'யுனிவர்சல்' எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களையும் சோதனைக்கு எடுங்கள். ஆய்வகத்தில் மட்டும் போதாது, கடைகளுக்கு நேரில் போய் வாங்கிச் சோதியுங்கள். தோற்றவற்றின் பெயரை தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நுகர்வோர்