முதல் வகுப்பில் செல்லைச் சொல்லுங்கள்

சிங்கப்பூரில் தமிழில் ஊட்டச்சத்து வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும், அந்த வகுப்புகளுக்குப் பாடக் குறிப்பு எழுதுபவர்களுக்கும்,

வணக்கம். போன வருடம் சனிக்கிழமை காலைகளில் எட்டு வாரம் இப்படி ஒரு வகுப்பில் உட்கார்ந்திருந்தவன் நான். எந்த இடம், எந்த ஆசிரியர் என்பதெல்லாம் வேண்டாம், ஒருவரைப் பிடித்துக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம் உடம்பின் செல் எப்படி வேலை செய்கிறது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். அம்மாவுக்குப் பதினான்கு வருடமாக நீரிழிவு, வீட்டில் சமைப்பது நான்தான், அதனால் சேர்ந்தேன். என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான், வீட்டில் யாருக்காவது சர்க்கரை, யாருக்காவது கொழுப்பு. மீதிப் பேர் முதியோர் பராமரிப்பு வேலையில் இருப்பவர்கள்.

எட்டு வாரமும் பட்டியல்தான். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது, தட்டில் பாதிக்குக் காயும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ. பான பாக்கெட்டில் சர்க்கரை, கொழுப்பு அளவைக் காட்ட ஏ முதல் டி வரை என்ன எழுத்து போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாமே சரியான தகவல், மறுப்பதற்கில்லை. ஆனால் நான்காவது வாரம் நான் ஒரு கேள்வி கேட்டேன். 'மூன்று மாதச் சர்க்கரை' என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்கிறார்களே, அது ஏன் மூன்று மாதம்? இரண்டு வாரம், ஒரு வருடம் என்று ஏன் இல்லை? 'அது உங்களுக்குத் தேவைப்படாது, பரீட்சையில் வராது' என்று பதில் வந்தது.

எனக்குத் தேவைப்பட்டதே அதுதான்.

அம்மாவிடம் ஒரு தந்திரம் உண்டு. பலதுறை மருந்தகத்துக்குப் போவதற்கு நான்கு நாள் முன்னால் சோறு கிடையாது, சர்க்கரை போடாத தேத்தண்ணீர் கோசோங், இரவில் இரண்டு பிஸ்கட். டாக்டரை ஏமாற்றிவிட்டதாக ஒரு சந்தோஷம். முடிவு வரும்போது எண் மட்டும் இறங்கவே இறங்காது, அப்புறம் மிஷின் சரியில்லை என்பார். வகுப்பில் பதில் கிடைக்காததால் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் பிறந்து ஏறக்குறைய 120 நாள் ரத்தத்தில் ஓடுகிறது. ஓடும் காலம் முழுக்க ரத்தத்தில் இருக்கும் குளுகோஸ் அதன் ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே போகிறது. சர்க்கரை கூடினால் ஒட்டுவதும் கூடும், நன்றாக ஒட்டியது கழலாது. தாதி எடுக்கும் அந்தச் சின்னக் குழாய் ரத்தத்தில் நேற்றுப் பிறந்த செல்லும் இருக்கும், மூன்று மாதத்துக்கு முன் பிறந்த கிழட்டுச் செல்லும் இருக்கும். நான்கு நாள் பட்டினி கிடந்து அத்தனை சாட்சிகளையும் எப்படிக் கலைப்பது?

இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'அப்போ தீபாவளி முறுக்கும் அதுல இருக்கா?' என்றார். இருக்கு என்றேன். அதற்குப் பிறகு நான்கு நாள் பட்டினி நின்றுபோனது. எட்டு வாரப் பட்டியலில் எந்த வரியும் இதைச் செய்யவில்லை, ஒரு செல்லின் ஆயுள் செய்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது: ரத்தசோகை இருந்தாலோ சிவப்பணு சீக்கிரம் அழிந்தாலோ இந்த எண் நம்மை ஏமாற்றலாம், டாக்டரிடம் கேட்க வேண்டும்.

அடுத்து அந்தப் படம். இன்சுலின் சாவி, செல் பூட்டு என்று ஒரு படம் போட்டீர்களே, ஊரெங்கும் அதே படம்தான். பாதி சரி. தசைச் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில் குளுகோஸுக்கான கதவு பூட்டிக் கிடக்கவில்லை, கதவுகளில் பெரும்பகுதி சவ்விலேயே இல்லை, செல்லுக்கு உள்ளே சின்னச் சின்னப் பைகளில் இருக்கிறது. அந்தக் கதவுக்குக் குளூட்4 என்று பெயர். இன்சுலின் வெளியே வந்து மணியடித்தால் அந்தப் பைகள் நகர்ந்து வந்து சவ்வோடு கலக்கின்றன, கதவுகள் வெளியே வருகின்றன. தேக்கா சாப்பாட்டுக் கடையில் கூட்டம் சேர்ந்ததும் கடைப்பையன் உள்ளே அடுக்கி வைத்த நாற்காலிகளைக் கொண்டுவந்து போடுவானே, அப்படி. கூட்டம் போனதும் மறுபடி உள்ளே. இரண்டாம் வகை நீரிழிவில் மணியடித்தாலும் பையனுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எதுவென்றால், தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் மணி இல்லாமலே அந்த நாற்காலிகள் வெளியே வருகின்றன. சாப்பிட்டபின் நடங்கள் என்று நீங்கள் பட்டியலில் ஒன்பதாவது வரியாக எழுதிவிட்டுப் போனதற்குக் காரணம் இது. இப்போது அம்மா இரவுச் சாப்பாடு முடிந்ததும் கீழே போய் எங்கள் புளோக்கையும் பக்கத்துப் புளோக்கையும் இரண்டு சுற்று சுற்றுகிறார், 'நாற்காலி போடப் போறேன்' என்று சொல்லிவிட்டு. (இன்சுலின் ஊசி போடுபவர்கள் சர்க்கரை இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதையும் சொல்லுங்கள்.) சரி, எல்லாச் செல்லும் மணிக்காகக் காத்திருக்குமா என்றால் அதுவும் இல்லை. கண்ணின் நுண்ணிய ரத்தக் குழாய்ச் செல்களும் சில சிறுநீரகச் செல்களும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது உள்ளே வருவதைத் தடுக்கத் தெரியாதவை. கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள், சிறுநீரகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பயமுறுத்தல் அப்போதுதான் பயமுறுத்தலாக இல்லாமல் காரணத்தோடு காதில் விழுகிறது.

ஒரு சின்ன விஷயம், சிரிக்காமல் படியுங்கள். ஒரே ஒரு ஸ்லைடில் செல்லுக்கு 'உயிரணு' என்று வந்தது. பின்வரிசை அக்காக்கள் சிரித்துவிட்டார்கள். உயிரணு என்றால் குழந்தையில்லாத் தம்பதிகளுக்கான விளம்பரத்தில் வரும் சமாசாரம்தான் அவர்களுக்குத் தெரியும். ஆசிரியர் முகம் சிவந்து ஸ்லைடை மாற்றிவிட்டார், செல் பற்றிய பாடம் அங்கேயே முடிந்தது. செல் என்றே சொல்லிவிடுங்கள். கைத்தொலைபேசி நினைவுக்கு வந்தாலும் மோசமில்லை.

அதிகம் கேட்கவில்லை. சவ்வு, டிஎன்ஏ இருக்கும் கரு, சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா, புரதம் செய்யும் ரைபோசோம், சவ்வில் இருக்கும் கதவுகள், இவ்வளவு போதும். அந்தச் சக்தி எப்படி வருகிறது என்று சொல்லும் கிரெப்ஸ் சுழற்சி வேண்டவே வேண்டாம், எனக்கே தலை சுற்றுகிறது. ஆனால் இந்த ஐந்தும் தெரிந்தால் எத்தனை பட்டியலைத் தூக்கிப் போடலாம் என்று பாருங்கள். வெள்ளரிக்காயை நறுக்கி உப்புத் தூவினால் பத்து நிமிடத்தில் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கிறது, ஏன்? செல்லுக்குள் இருக்கும் தண்ணீரைச் சவ்வு வழியே உப்பு வெளியே இழுக்கிறது. வயிற்றுப்போக்குக்கு வெறும் தண்ணீர் போதாமல் உப்பும் சர்க்கரையும் சேர்ந்தே ஏன் வேண்டும்? சிறுகுடல் செல்லில் ஒரு கதவு உப்பில் உள்ள சோடியம் இரண்டோடுதான் ஒரு குளுகோஸை உள்ளே விடும், அவற்றின் பின்னாலேயே தண்ணீர் போகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கரைசலில் சோடியமும் குளுகோஸும் சேர்ந்தே இருப்பது சும்மா இல்லை.

கொலஸ்டிராலையும் விஷம் போலச் சொன்னீர்கள். நம் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் அது இருக்கிறது. கெட்ட கொழுப்பு என்கிறோமே, எல்டிஎல், அதை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்கும் வாங்கிகள் ஈரல் செல்களின் மேல் இருக்கின்றன. அந்த வாங்கிகளைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நெய், தேங்காய்ப்பால், பாமாயில் போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் இந்த வாங்கிகளின் வேலை குறைகிறது. முட்டை மஞ்சள் கருவை மட்டும் ஒதுக்கிவிட்டு தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைக் கட்டிக்கொண்டு போகும் என் சித்தப்பாவுக்கு இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் கேட்கமாட்டார்.

கொலாஜன் பானம் குடித்தால், தோலில் இருக்கும் அந்தப் புரதம் அப்படியே முகத்துக்குப் போய்ச் சேரும் என்று நம்பி வாங்கியவர்கள் எங்கள் வகுப்பிலேயே மூன்று பேர். குடித்தது குடலில் அமினோ அமிலங்களாகவும் சின்னத் துண்டுகளாகவும் உடைகிறது, எந்தப் புரதம் செய்வது என்பது கருவில் உள்ள குறிப்பின்படி நடக்கிறது. இவ்வளவு தெரிந்தால் பணத்தை எடுக்கும் முன் கை கொஞ்சம் நிற்கும்.

கடைசியாக வைட்டமின் பி12. எங்கள் வீட்டுக்கு நெருக்கமான விஷயம், அம்மா சைவம், நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் வேறு பல வருடமாகச் சாப்பிடுகிறார், இரண்டுமே பி12ஐக் குறைக்கக்கூடியவை. பி12 பற்றாக்குறையானால் மஜ்ஜையில் செல் தன் டிஎன்ஏவைப் படியெடுத்து இரண்டாகப் பிரிய முடியாமல் வீங்கிப் பெரிதாகவே நிற்கும், அதோடு நரம்பும் கெடும். 'பி12 – இறைச்சி, பால், முட்டை' என்ற உங்கள் வரியில் இது எதுவும் இல்லை. கால் மரத்துப்போவதை எல்லோரும் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம்.

அடுத்த முறை வகுப்பு தொடங்கும்போது முதல் சனிக்கிழமையை இதற்குக் கொடுங்கள். வெங்காயத்தின் உள்தோலை உரித்து ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருவோடு செல் தெரியும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்வதுதான். வெங்காயமும் அயோடினும் நான் கொண்டுவருகிறேன், மைக்ரோஸ்கோப்புக்கு மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
நான்காவது வாரம் கேள்வி கேட்டவன், ஈசூன்