கேமரா கண்ணாடியைக் கழற்றும் நேரம்

குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மூன்றாம் தளத்திலிருந்து எழுதுகிறேன். போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தைப் பற்றித்தான். “மொட்டை மாடிக் கேமராவைச் சேதப்படுத்த முயற்சி. வெள்ளைச் சட்டைச் சிறுவனையும் உடனிருந்த சிறுமியையும் பெற்றோர் கண்டிக்கவும்” என்று போட்டிருந்தீர்களே, அது. பிள்ளைகளின் வீட்டு எண்ணும் கூடவே இருந்தது. குழுவிலேயே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் அங்கே எது எழுதினாலும் பத்து நிமிடத்தில் தண்ணீர் மோட்டார் பேச்சுக்கு அடியில் போய்விடுகிறது. அதனால் எல்லோரும் படிக்கும்படி அறிவிப்புப் பலகையில் இந்த மடலை ஒட்டியிருக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைகளைத் தூண்டிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

இருவரும் என் எதிர்வீட்டுப் பிள்ளைகள். மாலையில் மாடியில்தான் விளையாடுவார்கள். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அந்தக் கேமராவுக்குள்ளிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். நான் பல மாதங்களாகத் துணி எடுக்க மாடிக்குப் போகிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை. அந்தப் பெண் கவனித்திருக்கிறாள். “அங்கிள், ராத்திரி ஆனதும் அது கண்ணாடியைக் கழற்றி வைக்குதா?” என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், அவள் சொன்னது கிட்டத்தட்ட அப்படியே உண்மை!

கேமராவின் உணரி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பார்க்கும். பகலில் அதை உள்ளே விட்டால் நிறங்கள் கெட்டுப்போகும். அதனால் முன்னால் ஒரு வடிகட்டி நிற்கிறது. இருட்டியதும் அது விலகிக்கொள்ளும். அந்த நகர்வின் சத்தம்தான் ‘டிக்’. லென்ஸைச் சுற்றியுள்ள சின்ன விளக்குகள் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்ச, கேமரா அதை வைத்துப் படம் எடுக்கும். ஆக, கண்ணாடியைக் கழற்றி வைப்பது நிஜம்தான். ஒரு குழந்தையின் கற்பனை நேராக விடையில் போய் நின்றதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“இருட்டு வந்தது அதுக்கு எப்படித் தெரியும்?” என்பது தம்பியின் கேள்வி. “கையால் மறைத்துப் பார்” என்றேன். இதுதான் நான் செய்த குற்றம். பக்கெட்டைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி, உள்ளங்கையால் மூடினான். ‘டிக்.’ கையை எடுத்தான். சில நொடிகள் கழித்து மறுபடி ‘டிக்.’ அன்று அந்தச் சத்தத்தை எத்தனை தடவை கேட்டோம் என்று எனக்கே கணக்கில்லை.

நன்றாக இருட்டிய பிறகு அந்த விளக்குகளைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். வெறும் கண்ணுக்கு மங்கலான சிவப்புப் புள்ளிகள்தான். என் கைப்பேசியின் பின்பக்கக் கேமராவிலும் பெரிதாக எதுவும் தெரியவில்லை. முன்பக்கக் கேமராவை வைத்ததும் ஊதா கலந்த வெள்ளையாக ஒரு வளையம் பளிச்சென்று எரிந்தது. பல கைப்பேசிகளில் முன்பக்கத்து வடிகட்டி அவ்வளவு கறாராக இருப்பதில்லை. செல்ஃபி எடுப்பதுபோல் முதுகைக் காட்டி நின்றால்தான் அந்த வளையம் திரையில் விழும். நீங்கள் குழுவில் போட்ட படம் அந்த நொடியில் பதிவானது.

இன்னொரு விஷயம். அந்தச் சிறுவனின் சட்டை வெள்ளை இல்லை, கருநீலம். பல துணிச் சாயங்கள் நாம் பார்க்கும் ஒளியை விழுங்கிக்கொண்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் இரவுப் பதிவில் கறுப்புத் துணிகூட வெளுத்துத் தெரிகிறது. செடிகளின் இலைகளைப் பாருங்கள், பனி கொட்டியதுபோல் இருக்கும். அந்தப் பதிவை நம்பி சட்டை நிறம் சொல்லி ஒருவரைத் தேடினால், தப்பான ஆள் மாட்டிக்கொள்வார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

1800இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்து அளந்தார். சிவப்புக்கு அப்பால், எந்த நிறமும் தெரியாத இடத்தில் வெப்பம் இன்னும் அதிகமாக இருந்தது. அகச்சிவப்பு அப்படித்தான் அகப்பட்டது. வெளிச்சமே இல்லாத இடத்தில் வெப்பமானியை வைத்தவரைப் பார்த்து, அன்று யாரும் கண்காணிப்புப் படம் எடுத்துப் பெற்றோருக்கு அனுப்பவில்லை. சரி, குத்திக்காட்ட வேண்டாம்.

கேமராவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வண்டி காணாமல் போனபோது நானும்தான் “பதிவைப் பாருங்கள்” என்று ஓடி வந்தேன். எனக்கு உறுத்துவது வேறு. பக்கத்து வீட்டு அம்மா யாராவது மாடியில் பிள்ளைகளைப் பார்த்திருந்தால், “ஏய், என்ன பண்றீங்க?” என்று கேட்டிருப்பார். அவர்களும் பதில் சொல்லியிருப்பார்கள். ஒருவேளை அவரும் கையை வைத்து ‘டிக்’ கேட்டிருப்பார். மறுநாள் மறந்தும் போயிருப்பார். கேமரா கேட்பதும் இல்லை, மறப்பதும் இல்லை. அதைப் பார்த்த நீங்களாவது கேட்டிருக்க வேண்டும், இரண்டு மாடிதான் ஏறி வர வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாகக் குழுவில் போட்டீர்கள். அந்தப் படம் இப்போது எத்தனை கைப்பேசிகளில் இருக்கிறது, எந்தெந்தக் குழுக்களுக்குப் போனது என்று உங்களாலும் சொல்ல முடியாது. குழுவில் அழித்தாலும், சேமித்தவர்களிடம் அப்படியேதான் இருக்கும்.

இதே பழக்கம்தான் நீங்கள் போடும் பிறந்தநாள் பட்டியலிலும். வாழ்த்துச் சொல்ல நாளும் மாதமும் போதாதா? வருடமும் வீட்டு எண்ணும் எதற்கு? பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்தனியாக அடையாளம் காண வாய்ப்பு இருக்கிறது என்று 2000இல் கணினி ஆய்வாளர் லத்தான்யா ஸ்வீனி கணக்கிட்டுக் காட்டினார். நாம் அதைவிடத் தாராளமாகப் பெயரையும் சேர்த்தே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் கடவுச்சொல். கேமராவோடு வந்ததை மாற்றினீர்களா? 2016இல் மிராய் என்ற தீநிரல் (வைரஸ் மாதிரி கெடுதல் செய்யும் நிரல்), தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாத கேமராக்களுக்குள்ளும் ரௌட்டர்களுக்குள்ளும் லட்சக்கணக்கில் நுழைந்தது. நம்முடையதைப் பொருத்திய ஆள் போன பிறகு யாரும் அதைத் தொட்டதாக எனக்குத் தெரியவில்லை. தொட்டிருந்தால் சந்தோஷம்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஏதாவது நடந்தால் பதிவை நிர்வாகக் குழுவில் இருவர் சேர்ந்து பாருங்கள், சம்பந்தப்பட்ட வீட்டில் நேரில் பேசுங்கள். பிள்ளைகள் இருக்கும் படம் எதுவும் வாட்ஸ்அப்புக்குப் போக வேண்டாம். பழைய பதிவுகள் எத்தனை நாளில் அழியும் என்று எழுதி ஒட்டுங்கள். அந்தப் படத்துக்கு ஒரு வரி திருத்தமும் போடுங்கள். மன்னிப்பு என்ற சொல் கஷ்டமாக இருந்தால் “கேமரா நலமாக உள்ளது” என்று போட்டாலும் போதும்.

அந்தப் பெண் ஒரு வாரமாக மாடிப் பக்கமே வருவதில்லை. நேற்று வாசலில் பார்த்தபோது, “அது எங்களை இப்பவும் பார்க்குதா அங்கிள்?” என்று மெதுவாகக் கேட்டாள். முன்னால் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன எனக்கு, இதற்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை.

வரும் ஞாயிறு, பொழுது சாயும் நேரத்துக்கு மாடிக்கு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வருகிறேன். செயலாளர் சார், உங்கள் கைப்பேசியை மறக்காமல் கொண்டு வாருங்கள், அதன் முன்பக்கக் கேமராவில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். பக்கெட் அங்கேயேதான் கவிழ்ந்து கிடக்கிறது.

இப்படிக்கு,
மூன்றாம் தளத்துக்காரன்